பலகையும் பேரேடும்: மறுதொடக்கத்திற்குப் பின்னும் நிலைக்கும் டி.என்.எஸ். அமைப்பு

கொல்கத்தாவில் துர்க்கா பூஜை என்பது ஒரு நாள் விடுமுறை அன்று. சஷ்டியன்று கதவடைக்கும் சிறு அலுவலகங்களுள் பல, லட்சுமி பூஜை கழிந்த பின்னரே மீண்டும் திறக்கின்றன. அத்தனை நாள் அணைந்து கிடந்த கணினிகளும் ரூட்டர்களும் அன்று காலை ஒன்றாக விழித்தெழுகின்றன. கோடையிலோ, ‘கால்பைசாகி’ எனப்படும் மாலை நேரப் புயற்காற்று மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போகிறது. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் தாக்கியபோது, நகரின் பல பகுதிகள் மின்சாரமும் இணையமும் இன்றி நாட்கணக்கில் தவித்தன. விடுமுறையாயினும் புயலாயினும், முடிவில் நிகழ்வது ஒன்றே: கருவிகள் அனைத்தும் தொடக்கத்திலிருந்து மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன.

அவ்வாறு தொடங்கும்போது, பயனர் அறியாமலேயே ஓர் அமைப்பு திருத்தி எழுதப்படுவதுண்டு. அதுவே டி.என்.எஸ். அமைப்பு. “நானே கைப்பட மாற்றி வைத்தேன், கணினியை அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிட்டது” என்பது பலரும் கூறும் குறை. இது கணினியின் பழுதன்று. ஒழுங்கான ஒரு நடைமுறையின் விளைவு. அந்நடைமுறையை அறிந்துகொண்டால், நாம் விரும்பும் அமைப்பை நிலைக்கச் செய்வது எளிது. அமைப்பு தானாக மாறுவது எப்போது ஆபத்தின் அறிகுறி என்பதும் விளங்கும். இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் இவ்விரண்டும் தேவையானவை.

பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்பவர்

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரி என்பது ஓர் எண். மனிதர்களோ பெயர்களையே நினைவில் வைத்திருக்கிறோம். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமை. அமெரிக்க அறிஞர் பால் மொக்காபெட்ரிஸ் 1983-இல் இதனை வடிவமைத்தார். அதற்கு முன்னர், வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டு, அக்கோப்பு ஒவ்வோர் இடத்திலும் படியெடுத்து வைக்கப்பட்டது. கணினிகள் பெருகப் பெருக, அம்முறை தாங்கவில்லை.

நீங்கள் உலாவியில் வங்கியின் இணையதளப் பெயரைத் தட்டெழுதியவுடன், உங்கள் கணினி முதலில் ஒரு டி.என்.எஸ். சேவையகத்தை அணுகி, “இப்பெயருக்குரிய எண் யாது?” என வினவுகிறது. அது என்ன விடை சொல்கிறதோ, அந்த எண்ணுக்கே உங்கள் கணினி செல்கிறது. ஆகவே, எந்தச் சேவையகத்திடம் கேட்கிறோம் என்பது சிறிய செய்தி அன்று. ஊருக்குப் புதியவர், வழி சொல்பவரை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறாரோ, அந்த அளவுக்கு நம் கணினியும் அச்சேவையகத்தை நம்பியிருக்கிறது.

விழித்தெழும் போதெல்லாம் ஒரு கேள்வி

விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அது கிடைத்த முதல் நகரங்களுள் அன்றைய கல்கத்தாவும் சென்னையும் இருந்தன. தொலைபேசி வழியே இணைந்த அக்காலத்துப் பயனர்களுள் பலர், டி.என்.எஸ். எண்களைத் தாளில் குறித்து வைத்துத் தாமே கணினியில் எழுதினர். இன்று அந்த வேலையை டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை செய்கிறது. 1993-இல் வெளியாகி, 1997-இல் இன்றைய வடிவத்தைப் பெற்ற நெறிமுறை இது.

அதன் செயல்முறை எளிது. கணினி விழித்தெழுந்ததும், “நான் வந்திருக்கிறேன், எனக்கு ஒரு முகவரி தருக” என்று வலையமைப்பை நோக்கிக் கேட்கிறது. ரூட்டர் விடை தருகிறது. அவ்விடையில் கணினிக்குரிய எண், வெளியுலகிற்குச் செல்லும் வாயில், பயன்படுத்த வேண்டிய டி.என்.எஸ். சேவையகங்கள் ஆகியவற்றோடு, இவை எவ்வளவு காலத்திற்குச் செல்லும் என்ற கெடுவும் இருக்கும். இக்கெடுவுக்குக் ‘குத்தகைக் காலம்’ என்று பெயர். குத்தகைக் காலத்தின் பாதி கழிந்ததும் கணினி தானாகவே புதுப்பிக்கக் கோரும். எனவே மறுதொடக்கத்தின்போது மட்டுமன்றி, குத்தகை புதுப்பிக்கப்படும்போதும், கழற்றிய கம்பியை மீண்டும் செருகும்போதும் டி.என்.எஸ். எண்கள் புதிதாக எழுதப்படலாம். “நேற்று மாலை வரை இருந்தது, இரவில் மாறிவிட்டது” என்று சிலர் வியப்பதற்குக் காரணம் இதுவே.

பலகையில் திருத்துவதும் பேரேட்டில் திருத்துவதும்

வங்கிக் கிளையில் வைப்புநிதி வட்டி விகிதங்களைக் காட்டும் பலகையை நினைத்துப் பாருங்கள். அப்பலகையில் உள்ள எண், தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கையையும் கிளையின் பேரேட்டையும் பார்த்து எழுதப்படுவது. யாரேனும் ஒருவர் பலகையில் உள்ள எண்ணை மட்டும் அழித்து வேறொன்றை எழுதினால், அது எவ்வளவு நேரம் நிற்கும்? மறுநாள் காலை எழுத்தர் பேரேட்டைப் பார்த்துப் பழைய எண்ணையே மீண்டும் எழுதிவிடுவார். அவர்மீது தவறில்லை, அவர் தம் கடமையைச் செய்கிறார்.

கணினியிலும் இப்படித்தான். டி.என்.எஸ். எண் வெளிப்படையாகத் தெரியும் இடம் ஒன்று. அவ்வெண்ணை எழுதும் அதிகாரம் பெற்ற நிரல் மற்றொன்று. முன்னது பலகை, பின்னது பேரேடு. பலகையில் செய்த திருத்தம் அடுத்த விழிப்பு வரைதான் வாழும். பேரேட்டில் செய்த திருத்தமே நிலைக்கும். இனி ஒவ்வொரு கருவியிலும் பேரேடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு, லேக் மார்க்கெட் அருகே மூன்று கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் ஒரு ரூட்டரும் கொண்ட ஒரு கணக்காளர் அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

விண்டோஸ் கணினியில்

விண்டோஸ் 11 இயங்குதளத்தில் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ என்ற வழியே சென்று, பயன்படுத்தும் இணைப்பைத் தேர்ந்தெடுத்தால், ‘டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட்’ என்ற வரி தென்படும். அதனைத் திருத்தி ‘மேனுவல்’ என்று மாற்றி, விரும்பும் எண்களை எழுதிச் சேமிக்க வேண்டும். இதுவே விண்டோஸின் பேரேடு. இங்கு எழுதியது மறுதொடக்கத்திற்குப் பின்னும் நிலைக்கும். ஆயினும் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, இவ்வமைப்பு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியானது. கம்பிவழி இணைப்பில் எழுதிய எண், அதே கணினியின் வைஃபை இணைப்புக்குப் பொருந்தாது. நம் கணக்காளர் அலுவலகத்தில் கம்பி பழுதாகி வைஃபைக்கு மாறினால், அமைப்பு ‘போய்விட்டது’ போலத் தோன்றும். உண்மையில் அது போகவில்லை. வேறொரு பேரேடு திறக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, முகவரி எண்களில் ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 என இரு வகை உண்டு. ஒன்றை மட்டும் கைப்பட எழுதி மற்றொன்றைத் தானியங்கியாக விட்டால், ரூட்டர் தரும் டி.என்.எஸ். பின்வாசல் வழியே வந்து அமரும். இரண்டையும் சேர்த்தே அமைக்க வேண்டும்.

மூன்றாவது, வி.பி.என். மென்பொருள்களும் சில பாதுகாப்பு மென்பொருள்களும் தாம் தொடங்கும்போது டி.என்.எஸ். அமைப்பைத் தம் விருப்பப்படி மாற்றுவதுண்டு. அந்நிலையில் அந்த மென்பொருளின் அமைப்புப் பக்கமே பேரேடாகும். திருத்தத்தை அங்குதான் செய்ய வேண்டும்.

லினக்ஸ் கணினியில்

பலகைக்கும் பேரேட்டிற்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் லினக்ஸ். உபுண்டு ஆயினும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ ஆயினும், டி.என்.எஸ். எண்கள் ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்னும் சிறு கோப்பில் தென்படும். அக்கோப்பைத் திறந்து எண்ணை மாற்றினால் உடனே பயன் தெரியும். மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும். ஏனெனில் இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அக்கோப்பை எழுதுவது ‘நெட்வொர்க் மேனேஜர்’ அல்லது ‘சிஸ்டம்டி-ரிசால்வ்டு’ என்னும் நிரல். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் அது தனிக்கோப்பு கூட அன்று. கணினி அணைந்ததும் அழிந்துபோகும் நினைவகப் பகுதியில் உள்ள மற்றொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. ‘இதனைத் திருத்த வேண்டா’ என்ற எச்சரிக்கையும் அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே திருத்த வேண்டிய இடம் நெட்வொர்க் மேனேஜரின் இணைப்பு அமைப்பு. அங்கு ஐ.பி.வி.4 பகுதியில் டி.என்.எஸ்.-க்கு உரிய ‘ஆட்டோமேட்டிக்’ என்ற பொத்தானை அணைத்துவிட்டு, நாம் விரும்பும் எண்களை எழுத வேண்டும். ஐ.பி.வி.6 பகுதியிலும் அவ்வாறே செய்ய வேண்டும். பொத்தானை அணைக்காமல் எண்ணை மட்டும் சேர்ப்பது பலரும் செய்யும் பிழை. அப்போது நம் எண்ணும் ரூட்டர் தந்த எண்ணும் ஒரே பட்டியலில் இருக்கும். கணினி எதனிடம் கேட்கும் என்று உறுதி கூற இயலாது. திரையின்றி இயங்கும் உபுண்டு சேவையகங்களில் ‘நெட்பிளான்’ கோப்பே பேரேடு. டி.எச்.சி.பி. தரும் டி.என்.எஸ்.-ஐ ஏற்க வேண்டா என்ற கட்டளையை அதில் எழுதுவதற்கு வழியுண்டு.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பை எவராலும் மாற்ற இயலாதவாறு பூட்டிவிடுங்கள் என்று சிலர் அறிவுரை கூறுவர். அது எழுத்தரின் கையைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். இன்று வேலை நடக்கும். ஓராண்டு கழித்து அலுவலகம் வேறு இடத்திற்கு மாறி, புதிய வலையமைப்பில் இணையம் வராதபோது, பூட்டியதை நினைவில் வைத்திருப்பவர் எவரும் இரார்.

ரூட்டரில்

கணினிகளுக்கெல்லாம் எண் தருவது ரூட்டர் என்பதால், அலுவலகம் முழுமைக்குமான பேரேடு அதுவே. மூன்று கணினிகளிலும் அச்சுப்பொறியிலும் தனித்தனியே மாற்றுவதைவிட, ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டி.எச்.சி.பி. பகுதியில் ஒருமுறை எழுதினால், அதனோடு இணையும் எல்லாக் கருவிகளும் அவ்வெண்ணையே பெறும். குத்தகை புதுப்பிக்கப்படும் வரை அவை பழைய எண்ணை வைத்திருக்கும் என்பதால், மாற்றியவுடன் கருவிகளை ஒருமுறை அணைத்து இயக்குவது நல்லது.

இணையச் சேவை நிறுவனமே தந்த ரூட்டராயின் ஒரு நுட்பம் உண்டு. அத்தகைய கருவிகள் பலவற்றைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்கும் வசதி நிறுவனத்திடம் இருக்கும். ரூட்டர் மறுபடி இயங்கும்போது நிறுவனத்தின் அமைப்புகள் மீண்டும் இறக்கப்படலாம். அங்கே பேரேடு நம் கையில் இல்லை. அந்நிலையில் நிறுவனத்திடம் கோரி மாற்றச் செய்யலாம். அல்லது அதன்பின் நமக்கே உரிய ரூட்டர் ஒன்றை இணைத்து, அதில் அமைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியிலும் உலாவியிலும்

ஆண்ட்ராய்டு 9 முதல், அதாவது 2018 முதல், ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற வசதி உண்டு. அதில் எண்ணுக்குப் பதிலாகச் சேவையகத்தின் பெயரை எழுத வேண்டும். வைஃபை, மொபைல் இணைப்பு ஆகிய இரண்டிற்கும் அது பொருந்தும், மறுதொடக்கத்திலும் மாறாது. ஐஃபோனில் ஒவ்வொரு வைஃபை வலையமைப்புக்கும் தனித்தனியே அமைக்கலாம். அவ்வலையமைப்பை ‘மறந்துவிடு’ என்று ஆணையிட்டால், எழுதிய அமைப்பும் அதனோடு மறைந்துபோகும்.

குரோம், ஃபயர்பாக்ஸ் முதலிய உலாவிகளில் ‘செக்யூர் டி.என்.எஸ்.’ என்ற தனி அமைப்பும் உண்டு. அது இயங்கும்போது, இயங்குதளத்தில் எழுதிய சேவையகத்தைத் தவிர்த்து வேறொன்றிடம் உலாவி நேரடியாகக் கேட்கக்கூடும். கணினியில் சரியாக எழுதியும் பயன் தெரியவில்லையெனில், உலாவியின் அமைப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கிற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டி.என்.எஸ். அமைப்பைக் கைப்பற்றுபவர், பெயர் சரியாக இருந்தும் உங்களைத் தவறான இடத்திற்கு அனுப்ப முடியும். இது வெறும் கற்பனை அன்று. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீநிரல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளின் டி.என்.எஸ். அமைப்பை மாற்றியமைத்து, பயனர்களைக் குற்றவாளிகளின் சேவையகங்களிடம் வினவச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அக்கும்பலை முடக்கியது. ஆனால் அச்சேவையகங்களை உடனே அணைத்திருந்தால், பாதிக்கப்பட்ட கணினிகளுக்கு எந்தப் பெயருக்கும் விடை கிடைத்திராது. எனவே நீதிமன்ற அனுமதியுடன் அவ்விடத்தில் தூய சேவையகங்கள் தற்காலிகமாக இயக்கப்பட்டு, 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டன.

பிரேசில் நாட்டில் 2011-இல் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். அங்கு 45 லட்சம் இணைய மோடம்களின் டி.என்.எஸ். அமைப்பு, மோடத்திலிருந்த ஒரு குறைபாட்டின் வழியே மாற்றப்பட்டது. மக்களின் வங்கி விவரங்களைத் திருடுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அம்மாற்றத்தைச் செய்யக் கணினியில் தீநிரல் எதுவும் தேவைப்படவில்லை. கணினியை எத்தனை முறை துடைத்துச் சுத்தம் செய்தாலும், மறுதொடக்கத்தில் தவறான எண்ணே மீண்டும் வந்தது. பேரேடே களவு போயிருந்தது.

இதிலிருந்து ஒரு விதி பெறலாம். நீங்கள் எழுதிய எண் மறைந்து, இணையச் சேவை நிறுவனத்தின் எண்ணோ ரூட்டரின் எண்ணோ வந்தால், அது இயல்பான நடைமுறை. முன்பின் அறியாத ஓர் எண் வந்து, மாற்றியும் மாற்றியும் அதுவே திரும்பினால், அது எச்சரிக்கை. அப்போது அக்கருவி வழியே வங்கிக் கணக்கினுள் நுழைய வேண்டா. ரூட்டரை ஆலை அமைப்புக்கு மீட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, அதன் மென்பொருளைப் புதுப்பித்து, கணினியையும் தீநிரல் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே தொடர வேண்டும். ரூட்டர் வாங்கியபோது இருந்த பொதுக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, பேரேட்டைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

இரண்டாவது அரணும் உண்டு. டி.என்.எஸ். பொய் சொன்னாலும், போலித் தளத்தால் வங்கியின் பெயருக்குரிய மெய்யான சான்றிதழைக் காட்டுவது கடினம். அப்போது உலாவி ஓர் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். அதனைப் புறக்கணித்து ‘தொடர்க’ என அழுத்துதல் ஆகாது. பெயரின் முடிவையும் கவனியுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 22 அன்று பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, வங்கிகள் தம் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் பெயருக்கு மாற்றப் பணிக்கப்பட்டன. ஐதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனமே அப்பெயர்களைப் பதிவு செய்கிறது. ஆகவே எவரும் கடையில் வாங்குவதுபோல் அப்பெயரை வாங்கிவிட இயலாது. பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

எல்லோரும் கைப்பட அமைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தானியங்கி அமைப்பு பெரும்பாலான இல்லங்களுக்குப் போதுமானது. சேவை நிறுவனத்தின் சேவையகம் அடிக்கடி விடையளிக்கத் தவறினாலோ, தீய தளங்களை வடிகட்டும் சேவையகம் வேண்டுமெனினோ மாற்றலாம். கூகுளின் 8.8.8.8 (2009), குவாட்9-இன் 9.9.9.9 (2017), கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018) ஆகியவை பலரும் அறிந்த பொதுச் சேவையகங்கள்.

மாற்றுவதற்கு ஒரு விலையும் உண்டு. காணொளி போன்ற கனமான உள்ளடக்கங்களின் படிகளைச் சேவை நிறுவனங்கள் கொல்கத்தாவிலேயே வைத்திருக்கக்கூடும். வெளிச் சேவையகத்திடம் வினவினால், அருகிலுள்ள படிக்குப் பதிலாகத் தொலைவிலுள்ள படியின் எண் கிடைக்க வாய்ப்புண்டு. தங்கும் விடுதி வைஃபையின் நுழைவுப் பக்கமும் சில வேளைகளில் திறக்காது. அலுவலகத்தின் உள் சேவையகப் பெயர்களை வெளிச் சேவையகம் அறியாது. ஆகவே பணியிடக் கணினியில் நிர்வாகியின் இசைவின்றி மாற்றுதல் கூடாது.

சோதித்துப் பார்க்கும் முறை

மாற்றுவதற்கு முன் பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று தவறினால் மற்றொன்று விடை தரும். பின்னர்க் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ என்பது, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதி இயங்கும்போது முழுமையான அணைப்பு அன்று. ‘ரீஸ்டார்ட்’ என்பதே முழுச் சோதனை. அடுத்து, ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்து இயக்குங்கள். இறுதியாக, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ என்ற சேர்க்கையுடன் இயக்கினால், நடப்பிலுள்ள டி.என்.எஸ். எண்கள் தெரியும். லினக்ஸில் ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை அதே பணியைச் செய்யும். இரு சோதனைகளிலும் நீங்கள் எழுதிய எண்களே தென்பட்டால், அமைப்பு பேரேட்டில் ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

எழுதிய எண்களையும், எழுதிய இடத்தையும், நாளையும் ஒரு தாளில் குறித்து, ரூட்டரின் அருகிலேயே ஒட்டிவையுங்கள். மின்சாரம் போய் வந்த பின் எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அத்தாளைவிட எளிய கருவி வேறில்லை.